தாம்பாளத்து எண்ணெயில் லென்ஸின் தரம்: உயர்வகை ரிஃப்ராக்டரை வீட்டிலேயே சோதிப்பது

உயர்வகை ரிஃப்ராக்டர் தொலைநோக்கி வாங்குகிறவர் பெரும்பணம் கொடுப்பது குழாய்க்காகவோ பெட்டிக்காகவோ அல்ல, முன்முனையில் இருக்கும் இரண்டு அல்லது மூன்று வில்லைகளுக்காக. டகாஹாஷியின் எஃப்.சி.-100 வரிசையில் ஃபுளோரைட் படிகம் சேர்ந்த இரட்டை வில்லை இருக்கிறது. வேறு பல நிறுவனங்களின் தொலைநோக்கிகளில் ஜப்பானின் ஒஹாரா உருக்கும் எஃப்.பி.எல்.-53 கண்ணாடி இருக்கிறது. இந்த வில்லைகள் அனுப்பும் ஒளியலை, பச்சை ஒளியின் அலைநீளமான சுமார் 550 நானோமீட்டரில் கால் பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்பது பழைய அளவுகோல். இன்றைய உயர்வகை லென்ஸிடம் அதைவிட அதிகம் எதிர்பார்க்கிறோம்.

இவ்வளவு நுண்ணிய பிசகை வீட்டில் அளக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் ஐபீஸில் கண் வைக்கும்போது தெரிவது லென்ஸ் மட்டுமல்ல. மேலே உள்ள காற்று, குழாய்க்குள் உள்ள சூடு, ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் டயகனல், ஐபீஸ், நம் சொந்தக் கண் எல்லாம் ஒரே பிம்பத்தில் கலந்து வருகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு லென்ஸை மட்டும் மிச்சம் வைப்பதுதான் சோதனையின் வேலை முழுவதும். அந்தக் கழித்தலுக்குச் செட்டிநாட்டு வானம் அதிகம் உதவுவதில்லை. செட்டிநாட்டு வீடு உதவுகிறது.

சான்றிதழில் உள்ள எண்

பெட்டியோடு ஒரு தாள் வந்திருந்தால் அதில் ஸ்ட்ரெல் விகிதம் என்ற எண் இருக்கும். பிழையே இல்லாத லென்ஸ் ஒரு விண்மீனின் ஒளியை நடுப்புள்ளியில் எவ்வளவு குவிக்குமோ, அதில் எத்தனை பங்கை இந்த லென்ஸ் குவிக்கிறது என்பதே அது. கால் அலைநீளக் கோளப் பிறழ்ச்சி (ஓரக் கதிர்களும் நடுக்கதிர்களும் வேறுவேறு இடத்தில் குவியும் பிழை) இருந்தால் விகிதம் சுமார் 0.80. 0.95 வேண்டுமானால் சராசரிப் பிழை, அதாவது ஆர்.எம்.எஸ். அளவு, அலைநீளத்தில் 28-ல் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நிறத்தில் எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் சிவப்பில் சோதித்தால், அதே அளவு பிழை அலைநீளக் கணக்கில் சிறியதாகத் தெரியும், 550-ஐவிட 632.8 பதினைந்து சதவீதம் நீளம். கண்ணோ பச்சையில்தான் கூர்மையாகப் பார்க்கிறது. நிறம் குறிப்பிடாத ஸ்ட்ரெல் எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வானத்து விண்மீன்: துருவ நட்சத்திரம் இங்கே உதவாது

விண்மீன் சோதனை எளிது. நல்ல உருப்பெருக்கத்தில் ஒரு விண்மீனை நடுவில் வைத்துக் குவியத்துக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் நகர்த்தி, இரண்டு பக்கமும் தெரியும் வளையங்களை ஒப்பிட வேண்டும். நல்ல லென்ஸில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குவியத்தில் ஒரு சிறு வட்டும், 1835-ல் ஏய்ரி கணக்கிட்டுக் காட்டிய மெல்லிய வளையமும் தெரியும்.

துருவ நட்சத்திரம் நகராது, ஆகவே அதையே பார் என்று வழிகாட்டிகள் பலவும் சொல்கின்றன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. காரைக்குடியின் அகலாங்கு சுமார் 10 பாகை. துருவ நட்சத்திரமும் தொடுவானத்திலிருந்து அதே 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அந்த உயரத்தில் ஒளி, தலைக்கு நேர்மேலே உள்ளதைப் போல ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. பிம்பம் கொதிக்கும். அதோடு காற்றே முப்பட்டகமாக நின்று நிறங்களைப் பிரித்து, விண்மீனின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகக் காட்டும். வில்லை மையம் விலகியிருக்கும் லென்ஸும் இதே அறிகுறியைத்தான் காட்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து லென்ஸைக் குறை சொல்பவர் காற்றைத்தான் குறை சொல்கிறார்.

நமக்கு வேண்டியது உச்சிக்கு அருகில் வரும் வெள்ளை விண்மீன்கள். திருவோணம் காரைக்குடியின் உச்சியிலிருந்து ஒரு பாகை சொச்சம் தள்ளிக் கடக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் தலைக்கு மேலே நிற்கும். மகம் இரண்டு பாகை தள்ளி, ஏப்ரல் தொடக்கத்தில் அதே நேரத்தில். திருவாதிரையும் உச்சிக்கு அருகில் வரும், ஆனால் அதன் ஒளி பெரும்பாலும் சிவப்பு; பச்சை ஃபில்டர் போட்டால் பாதி வேலை வீணாகிவிடும். ஆடிக் காற்று வீசும் நாட்களில் இந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம்.

உச்சி விண்மீனுக்குப் பின்தொடரும் மவுண்ட் கட்டாயம் வேண்டும். பின்தொடராமல் விட்டால் 200 மடங்குப் பெருக்கத்தில் விண்மீன் சுமார் ஒரு நிமிடத்தில் காட்சிப் பரப்பைக் கடந்துவிடும். ஈக்குவடோரியல் மவுண்ட், அதாவது அச்சைத் துருவத்தை நோக்கி வைத்து விண்மீனைப் பின்தொடரும் தாங்கி, வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் இருப்பதால் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். சில மவுண்ட்கள் 10 பாகை வரை இறங்கவே இறங்காது. தெற்குப் பக்கத்துக் கால்களின் கீழே கட்டை வைத்து முக்காலியையே சாய்க்க வேண்டியிருக்கும்.

100 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தூரம், அதாவது எஃப்/7 தொலைநோக்கி என்று எடுத்துக்கொள்வோம். 3.5 மி.மீ. ஐபீஸ் 200 மடங்கு பெருக்கும். சோதனைக்கு அது போதும். இந்த லென்ஸின் குவிய ஆழம் இரு பக்கமும் சேர்த்தே 0.11 மி.மீ.தான். ஃபோகஸரை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஏறத்தாழ ஐந்து அலைநீளக் குவியப் பிசகு உண்டாகி, எண்ணக்கூடிய வளையங்கள் தெரியும். அதற்கு மேல் போனால் எந்த லென்ஸும் அழகாகத்தான் தெரியும், அங்கே பிழை மறைந்துவிடும்.

உள்ளே இருக்கும்போது வெளிவளையம் பிரகாசமாகவும் கூர்மையாகவும், வெளியே இருக்கும்போது ஓரம் மங்கி நடு பிரகாசமாகவும் இருந்தால் கோளப் பிறழ்ச்சி. ஓரக் கதிர்கள் முந்திக் குவிகின்றன, திருத்தம் குறைவு. நேர்மாறாக இருந்தால் திருத்தம் அதிகம். வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் கோமா, லென்ஸ் சாய்ந்திருக்கிறது. வளையம் முட்டை வடிவமாகி, குவியத்தைக் கடந்ததும் அந்த நீள்வட்டம் 90 பாகை திரும்பினால் அஸ்டிக்மாட்டிசம். இந்தக் கடைசியைப் பார்த்ததும் லென்ஸைப் பழிக்கக் கூடாது. தலையைச் சாய்த்துப் பாருங்கள், நீள்வட்டமும் கூடவே சாய்ந்தால் பிழை உங்கள் கண்ணில். ஐபீஸைத் திருப்பும்போது திரும்பினால் ஐபீஸில். டயகனலைக் கழற்றி நேராகப் பார்க்கும்போது மறைந்தால் டயகனலில். நடைமுறையில் டயகனல்தான் பல நேரம் குற்றவாளி. ஆகவே எந்தச் சோதனையையும் டயகனல் இல்லாமலே தொடங்குவது நல்லது. ஃபோகஸர் வெளியே எட்டாமல் போனால் 2 அங்குல நீட்டிப்புக் குழாய் ஒன்று வேண்டும்.

சூடு

குளிரூட்டிய அறையில் இருந்த தொலைநோக்கியை வெளியே கொண்டு வந்தால் லென்ஸில் வியர்வை பூக்கும். வங்கக் கடல் தொலைவில் இல்லை, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. துடைக்கக் கூடாது, மூடியைப் போட்டபடியே வெளியில் வைத்துக் கண்ணாடி காற்றின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். 100 மி.மீ. இரட்டை வில்லைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், 130 மி.மீ. மூன்று வில்லைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வில்லையில் நடுக்கண்ணாடி இரண்டு பக்கமும் மூடப்பட்டிருக்கிறது, அதுதான் கடைசியில் ஆறும். அதுவரை தெரியும் கோளப் பிறழ்ச்சி தற்காலிகமானது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. குளிர்நாடுகளில் அலுமினிய வளையம் சுருங்கி லென்ஸை மூன்று இடத்தில் நெருக்கும், விண்மீன் முக்கோணமாகத் தெரியும். இங்கே நடப்பது அதற்கு எதிர். ஒரு பாகை வெப்பம் கூடினால் அலுமினியம் ஒரு மீட்டருக்கு 0.023 மி.மீ. விரிகிறது; எஃப்.பி.எல்.-53 கண்ணாடி சுமார் 0.0145 மி.மீ.தான். தொழிற்சாலையில் 20 பாகையில் பொருத்திய 100 மி.மீ. லென்ஸைச் சித்திரை வெயிலில் 40 பாகை அறையில் வைத்தால், வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் 0.017 மி.மீ. இடைவெளி கூடுகிறது. நெருக்கமாகக் கட்டிய லென்ஸுக்கு இது நல்லதே. ஏற்கெனவே தளர்வாக இருந்தால் வில்லை தன் இடத்தைவிட்டு நகரும், கோமா வரும். பகல் சூட்டிலும் விடியல் குளிர்ச்சியிலும் ஒரே லென்ஸ் வேறுவேறு கோமா காட்டினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபுளோரைட்டின் விரிவு அலுமினியத்துக்கு இன்னும் நெருக்கமானது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

மாடியில் நின்று சோதிப்பதையும் தவிர்க்கலாம். பகலெல்லாம் சூடு குடித்த தட்டோட்டுத் தளம் நள்ளிரவு வரை அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஊருக்கு வெளியே பொட்டலில், செம்மண் தரையில், அல்லது கண்மாய்க் கரைக்குக் காற்று வரும் திசையில் நிற்பது மேல்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ பழைய வீடு ஒன்றின் தலைவாசலில் நின்றால், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று நிலைகள் ஒரே கோட்டில் அமைந்து பின்வாசல் வரை பார்வை போகும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இந்த நேர்கோடு ஒளியியல் சோதனைக்குப் பெரிய வரம். இவ்வளவு நீளமான நேர்ப்பாதை, தடித்த சுவருக்குள், அதிராத கல்தரையோடு நகரத்து அடுக்குமாடியில் கிடைக்காது.

இங்கே வைக்க வேண்டியது செயற்கை விண்மீன், அதாவது போதிய தூரத்தில் ஒரு சிறு துளையில் வரும் ஒளி. துளை எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? 100 மி.மீ. லென்ஸின் ஏய்ரி வட்டு கோண அளவில் 2.8 ஆர்க் செகண்டு. 40 மீட்டர் தூரத்தில் அது 0.54 மி.மீ.; துளை அதில் கால் பங்கு முதல் பாதிக்குள், அதாவது 0.13 முதல் 0.27 மி.மீ. வரை இருக்கலாம். 20 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு எண்ணையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். சமையல் அலுமினியத் தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியை அழுத்தாமல் சுழற்றினால் இந்த அளவு துளை கிடைக்கும். பின்னால் பச்சை எல்.இ.டி. விளக்கு, இடையில் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர்.

துளை போடக் கை வரவில்லையென்றால் சைக்கிள் கடையில் 6 மி.மீ. பால்ரஸ் குண்டு ஒன்று வாங்கிக் கறுப்புத் துணியில் பதித்து வைக்கலாம். ஒரு மீட்டர் தள்ளி 3 செ.மீ. முகமுள்ள டார்ச்சை அடித்தால் குண்டுக்குள் தெரியும் ஒளிப்புள்ளி 0.045 மி.மீ.தான். 20 மீட்டருக்கும் அது போதுமான அளவு சிறியது.

பொருள் அருகில் இருப்பதால் குவியம் பின்னுக்குத் தள்ளும். 700 மி.மீ. தொலைநோக்கியில் 40 மீட்டருக்கு 12.5 மி.மீ., 14 மீட்டருக்கு 37 மி.மீ.; ஃபோகஸரில் இந்த நீளம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவிலிக்கென்று கடைந்த லென்ஸ் அருகில் பார்க்கும்போது கொஞ்சம் கோளப் பிறழ்ச்சி காட்டும். குவியத்தூரத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் தூரம் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். 14 மீட்டர் எல்லை, 40 மீட்டர் வசதி.

இந்த முறையின் எதிரி வளவுதான். திறந்த முற்றத்தின் மேல் வானம் குளிர்ந்து காற்றைக் கீழே இறக்கும், பத்தியின் சூடான காற்று அதோடு கலக்கும், பாதையின் நடுவில் பிம்பம் நெளியும். ஆகவே நேரம் முக்கியம்: கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, விசிறிகளை நிறுத்தி, விடியற்காலை நான்கு மணிக்கு மேல் செய்யுங்கள். ஒளிப்பாதை தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருக்கட்டும். பாதைக்கு அருகில் யாரும் நிற்க வேண்டாம், உடல் சூடே போதும் பிம்பத்தைக் கெடுக்க. முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவர்கள் பளபளப்பவை. துளையைச் சுற்றிக் கசியும் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும், அதனால் விளக்கைப் பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும். வளவைக் கடக்காமல் அதன் ஓரத்துப் பத்தியிலேயே 20 மீட்டர் நேராகக் கிடைத்தால் 40 மீட்டரைவிட அதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனாலும் செயற்கை விண்மீன், வானத்து விண்மீனைப் போலவே, நம் கண்ணின் தீர்ப்பை நம்பியிருக்கிறது. ஆறில் ஒரு அலைப் பிழையையும் பத்தில் ஒன்றையும் பிரித்துச் சொல்லப் பயின்ற கண் வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவருக்கும் தெளிவாகப் பேசும் சோதனை அடுத்தது.

எண்ணெய்க் கண்ணாடி

லென்ஸின் குவியத்தில் விளக்கை வைத்தால் ஒளி லென்ஸிலிருந்து இணைகதிராக வெளியேறும். எதிரே முழுத் தட்டையான கண்ணாடி இருந்தால் அதே வழியில் திரும்பி வந்து மறுபடியும் குவியும். ஒளி லென்ஸை இரண்டு முறை கடப்பதால் பிழையும் இரட்டிப்பாகத் தெரியும். இதற்கு இரட்டைப் பயணச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்வோம். உயர்வகை லென்ஸைத் தீர்மானிக்க இதைவிட நல்ல வீட்டுச் சோதனை இல்லை. சிக்கல் அந்தத் தட்டைக் கண்ணாடிதான். லென்ஸின் விட்டத்துக்குக் குறையாமல், அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தோடு வேண்டும், அதன் விலையும் அதற்கேற்றது.

அசையாமல் நிற்கும் திரவத்தின் பரப்பு பூமியின் வளைவையே பின்பற்றுகிறது. 100 மி.மீ. அகலத்துக்கு அந்த வளைவின் உயரம் 0.2 நானோமீட்டர். உலகில் யாரும் இதைவிடத் தட்டையாகக் கண்ணாடி தீட்டித் தருவதில்லை. தண்ணீர் நடுங்கும், விளக்கெண்ணெய் கெட்டியானது, நடுக்கத்தை உடனே விழுங்கும். தண்ணீர் இரண்டு சதவீதம் ஒளியைத் திருப்பும்போது விளக்கெண்ணெய் நான்கு சதவீதத்தை ஒட்டித் திருப்புகிறது. இருட்டறையில் அது போதும்.

அடி தட்டையான, உள்விட்டம் 30 செ.மீ. உள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து உட்புறம் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய்க்கு அடியில் உள்ள உலோகமும் ஒளியைத் திருப்பும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் நேராக வைத்து, ஐந்து மி.மீ. ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றினால் சுமார் 350 மி.லி. பிடிக்கும். விளிம்பை ஒட்டி எண்ணெய் மேலேறி நிற்கும், அந்த வளைவு 3 செ.மீ. தள்ளித்தான் முற்றிலும் அடங்கும். லென்ஸின் வட்டம் விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே விழும்படி வைத்தால் கவலையில்லை. குமிழிகளை ஊசியால் உடைத்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மரத்தளம் போட்ட மேல்மாடி இதற்கு ஆகாது, ஆள் நடந்தால் பரப்பு சிலிர்க்கும்.

தொலைநோக்கி செங்குத்தாகக் கீழ்நோக்கி, லென்ஸ் எண்ணெய்க்கு 10 முதல் 20 செ.மீ. மேலே நிற்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் நீண்டிருக்கும் பனிக்குழாயைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். மெதுவாக நகர்த்தும் திருகுகள் உள்ள ஆல்ட்-அசிமுத் மவுண்டில் குழாயை முக்காலிக்குப் பக்கவாட்டில் தொங்கவிடுவது சுலபம். ஊஞ்சல் கொக்கியில் கட்டித் தொங்கவிடும் யோசனை வரலாம், அது ஆடும், வேண்டாம். ஆனால் மவுண்ட் கவ்வி நழுவினால் லென்ஸ் எண்ணெயில் இறங்கிவிடும், ஆகவே குழாய் வளையத்திலிருந்து உத்தரத்துக்கோ முக்காலித் தலைக்கோ ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டாயம். பார்ப்பவர் மேலிருந்து குனிந்து பார்ப்பதால் கண்ணாடி, பேனா, சட்டைப்பையில் உள்ள ஃபோன் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஐபீஸ் இருக்கும் இடத்தில் ரோங்கி கிரேட்டிங் வருகிறது. மில்லிமீட்டருக்கு ஐந்து கோடுகள் உள்ள படலத்தை 31.7 மி.மீ. குழாயின் முனையில் ஒட்டுங்கள். அதன் ஒரு பாதிக்குப் பின்னால் பச்சை எல்.இ.டி.யும் டிரேசிங் பேப்பரும். மறுபாதி வழியாகக் கண். எல்.இ.டி.யின் பக்கவாட்டு வெளிச்சம் கண்ணுக்குக் கசியாதபடி கறுப்பு அட்டை நடுவில் இருக்கட்டும். வாஸ்கோ ரோங்கி 1923-ல் விவரித்த இந்தக் கோட்டுப் படலம் இங்கே விளக்கின் துளையாகவும் திரும்பும் ஒளியைச் சோதிக்கும் திரையாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே படலம் என்பதால் கோடுகள் தாமாகவே இணையாக நிற்கும்.

முதல் சிரமம் திரும்பி வரும் ஒளியைப் பிடிப்பது. குழாய் ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் 700 மி.மீ. குவியத்தூரத்தில் பிம்பம் 24 மி.மீ. தள்ளிப் போய்விடும். ரசமட்டத்தால் தோராயமாக நிறுத்திவிட்டு, ஃபோகஸருக்குள் ஒரு வெள்ளைத்தாளைப் பாதி மறைத்துப் பிடித்து, திரும்பிய பச்சைப் புள்ளி எங்கே விழுகிறது என்று தேடி, திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிடிபட்டதும் லென்ஸ் முழுவதும் பச்சையாக நிரம்பி, குறுக்கே கறுப்புப் பட்டைகள் தெரியும். குவியத்தை நெருங்க நெருங்கப் பட்டைகள் அகன்று எண்ணிக்கை குறையும். மூன்று நான்கு பட்டைகள் தெரியும் இடத்தில், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் படம் எடுக்க வேண்டும்.

பட்டைகள் நூல் பிடித்தது போல நேராக இருந்தால் பச்சையில் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. திருத்தம் குறைந்த லென்ஸில் அவை குவியத்துக்கு உள்ளே உடுக்கை போல இடுப்பு ஒடுங்கியும், வெளியே மத்தளம் போல நடு புடைத்தும் நிற்கும். திருத்தம் மிகுந்தால் இரண்டும் இடம் மாறும். எவ்வளவு வளைந்தால் எவ்வளவு பிழை? எஃப்/7 லென்ஸில், கால் அலைநீளக் கோளப் பிறழ்ச்சி இருந்தால், இந்தக் கிரேட்டிங்கில் பட்டையின் நுனி, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளின் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளையும். அதே கிரேட்டிங்கை வானத்து விண்மீனில் வைத்திருந்தால் ஆறில் ஒரு பங்கு வளைவுதான் தெரிந்திருக்கும். உயர்வகை என்று விற்கப்படும் லென்ஸில் இரட்டைப் பயணத்திலும் வளைவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் கருத்து. படத்தைக் கணினியில் பெரிதாக்கி ஒரு நேர்கோட்டை மேலே வைத்துப் பார்த்தால் அதை அளந்துவிடலாம்.

நுனியின் கடைசி இரண்டு மூன்று மி.மீ. மட்டும் கொக்கிபோட்டால் ஓரம் இறங்கியிருக்கிறது. ஓர் அட்டை வளையத்தால் அந்த ஓரத்தை மறைத்துப் பார்ப்பதால் எவ்வளவு அகலம் கெட்டிருக்கிறது என்று தெரியும். பட்டையின் நடுவே திடீர் நெளிவு இருந்தால் தீட்டும்போது உண்டான வளையப் பள்ளம். பட்டையின் கரை ரம்பம் போல இருந்தால் பரப்பு சொரசொரப்பு. இந்த வகை கோளின் சுற்றிலும் பால் போன்ற மங்கலைத் தரும், ஸ்ட்ரெல் எண்ணில் அதிகம் தெரியாது. அஸ்டிக்மாட்டிசத்துக்கு கிரேட்டிங்கை 45 பாகையாகத் திருப்பித் திருப்பி, பட்டைகள் சாய்கின்றனவா, குவிய இடம் மாறுகிறதா என்று பாருங்கள்.

எதையும் லென்ஸின் தலையில் போடுமுன் குழாயை வளையத்துக்குள் 90 பாகை சுழற்ற வேண்டும். பிழை கூடவே சுழன்றால் லென்ஸுடையது. அப்படியே நின்றால் எண்ணெய், காற்று, சாய்வு ஆகியவற்றில் ஒன்று. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கீழ்நோக்கிய நிலையில் வில்லைகள் முன்வளையத்தின் மேல் படுத்திருக்கும், வானத்தைப் பார்க்கும்போது பின்னால் சாய்ந்திருக்கும். எண்ணெயில் தெரியாத கோமா வானத்தில் மட்டும் தெரிந்தால் வில்லைக் கூடு தளர்ந்திருக்கிறது.

நிறங்கள்

பச்சையில் நேராக நிற்பது பாதி வேலைதான். எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிக்கும் அபோக்ரோமாட் என்ற பெயருக்குத்தான் கூடுதல் விலை. எல்.இ.டி.யை மாற்றி 630 நானோமீட்டர் சிவப்பிலும் 465 நீலத்திலும் அதே படங்களை எடுங்கள். பொதுவாகச் சிவப்பில் கொஞ்சம் திருத்தக் குறைவும் நீலத்தில் கொஞ்சம் மிகையும் இருக்கும். இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம், வடிவமைப்பின் இயல்பு. நல்ல மூன்று வில்லையில் அந்த வளைவு மிகச் சிறியது. பச்சையில் வளைந்து சிவப்பில் நேராக இருந்தால், லென்ஸ் தவறான நிறத்துக்குத் திருத்தப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்க்கிறவருக்கு அது நிச்சயம் குறை.

கூடவே, ஒவ்வொரு நிறத்திலும் பட்டை ஒன்றாக விரியும் இடத்தை ஃபோகஸரில் டயல் கேஜ் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு நிறங்களை மட்டும் ஒன்றாகக் குவிக்கும் சாதாரண அக்ரோமாட்டில் சிவப்பும் நீலமும் பச்சையைவிடக் குவியத்தூரத்தின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தள்ளிக் குவியும், 700 மி.மீ.க்கு 0.35 மி.மீ. குவிய ஆழம் ஒரு பக்கம் 0.055 மி.மீ. என்பதை வைத்துப் பார்த்தால் அது ஆறு மடங்குக்கு மேல். நீங்கள் அளந்த விலகல் அந்த 0.055-க்கு அருகில் இருந்தால் பெயருக்குத் தகுந்த கண்ணாடி.

குறை தெரிந்தால்

கோமா மட்டும்தான் வீட்டில் சரிசெய்யத் தக்கது, அதுவும் வில்லைக் கூட்டில் தள்ளு-இழு திருகுகள் இருந்தால். 120 பாகைக்கு ஒன்றாக மூன்று ஜோடி இருக்கும். ஒரு ஜோடியில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பார்க்க வேண்டும். நடுவில் இல்லாத விண்மீனில் எல்லா லென்ஸும் கோமா காட்டும். மோசமானால் எதிர்த்திசை. திருகுகளே இல்லாத கூட்டில் ஃபோகஸர் சாய்ந்திருக்கிறதா என்பதை, அது லென்ஸோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று காட்டும் செஷயர் ஐபீஸால் முதலில் பாருங்கள்.

மூன்று வில்லைக் கூட்டைப் பிரிக்கவே கூடாது. வில்லைகளுக்கு இடையிலுள்ள படலத் துண்டுகளின் தடிமனும், ஒரு வில்லை மற்றதோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் தொழிற்சாலைத் திருத்தம். வில்லை மைய விலகல், அஸ்டிக்மாட்டிசம், ஓர இறக்கம் ஆகியவை விற்றவருக்குத் திருப்பி அனுப்பத் தக்க குறைகள். ‘பிம்பம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் காற்றைக் காரணம் காட்டிவிடுவார்கள். மூன்று நிறத்திலும் குவியத்துக்கு உள்ளும் வெளியும் எடுத்த ஆறு ரோங்கிப் படங்கள், குழாயை 90 பாகை சுழற்றி எடுத்த அதே ஆறு, கிரேட்டிங்கின் கோட்டு எண்ணிக்கை, அறைச் சூடு, லென்ஸ் எத்தனை மணி நேரம் ஆறியது, டயகனல் இல்லை என்ற குறிப்பு, இவற்றோடு அனுப்புங்கள். படம் எடுக்கும் ஃபோனில் எச்.டி.ஆர்., கூர்மையாக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்திருக்க வேண்டும். அவை பட்டையின் கரைகளைத் தாமே திருத்தி எழுதிவிடும்.